பழைய ஹிட்டாச்சி வாங்கப் போகிறீர்களா, ஆயில் சூடாகும் வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

போன மாசியில் மண் அள்ளும் ஹிட்டாச்சி வண்டி, 1996 மாடல் இ.எக்ஸ். 200 ஒன்றை 11.5 லட்சம் கொடுத்து வாங்கினேன். அது ஒழுங்காக வேலை பார்த்தது காலைப்பொழுதில் மட்டும்தான்.

பழைய வண்டி செலவு வைக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. அப்பா ஆபரேட்டர். பிரான்சு நாட்டு பொக்லைன் கம்பெனியோடு சேர்ந்து எல் அண்ட் டி செய்த 90 சி.கே. வண்டியில்தான் அவர் தொழில் கற்றார். எங்கள் பக்கம் கிணறு வெட்ட எந்த வண்டி வந்தாலும் பெரியவர்கள் இன்றைக்கும் "பொக்லைன் வந்திருக்கு" என்றுதான் சொல்வார்கள். அந்தக் கால வண்டிகளில் வயரிங் தொல்லை குறைவு, கழற்றினால் புரியும். அதனால் தெரிந்தேதான் பழசைத் தேடினேன்.

நாமக்கல் பக்கம் ஒரு யார்டு. காலை ஏழரைக்கே வந்துவிடுங்கள், பத்து மணிக்கு இன்னொரு பார்ட்டி வருகிறது என்றார்கள். போனோம். இன்ஜின் அரை செல்ஃபில் பிடித்தது, புகை இல்லை, ஆயில் மூடியைத் திறந்தால் காற்று தள்ளவில்லை. இன்ஜின் உண்மையிலேயே நல்ல இன்ஜின். அதைப் பார்த்ததும் பாதி மனம் ஒப்பிவிட்டது. பூம், அதாவது வண்டியின் பெரிய கை, சட்டென்று எழுந்தது, ஸ்விங்கில் மேல்பாகம் சுற்றியது, முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டினார்கள். இருபது நிமிடம் இருக்கும். புரோக்கர் ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்து, "இவர் வெளி ஆள் தம்பி, கூலியை நீங்களே கொடுத்துடுங்க" என்றார். 2,000 ரூபாய் கொடுத்தேன். ஆயிலை அழுத்தி பூம், பக்கெட் எல்லாவற்றையும் இயக்குகிற ஹைட்ராலிக் பம்பு ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தினமும் அதே யார்டில் வேலை பார்ப்பவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

முதல் வேலை ஒரு பண்ணைக்குட்டை. ஒன்பது மணி வரை குறையே இல்லை. பதினொன்றுக்கு மேல் வண்டி சோர்ந்தது. பூமைத் தூக்கினால் பக்கெட் நின்றது, பக்கெட்டை மடக்கினால் பூம் நின்றது. நேராக ஓட்டினால் இடது பக்கம் இழுத்தது. சாயங்காலம் நிறுத்தி, ராத்திரி முழுக்க ஆறிய பிறகு மறுநாள் காலை பழையபடி நல்ல வண்டி. ஒன்பது நாள் இப்படியே ஓட்டினோம்.

ஒன்பதாம் நாள் எங்கள் ஆபரேட்டர் அண்ணன் ஹைட்ராலிக் டேங்கைத் திறந்து, ஆயிலை விரலில் தொட்டு முகர்ந்தார். கந்தக வாடை. "இதுல 90 நம்பர் கியர் ஆயிலைக் கலந்திருக்காங்க" என்றார். விஷயம் இதுதான்: பம்புக்குள் பிஸ்டனும் வால்வு பிளேட்டும் தேய்ந்துவிட்டால் ஆயில் வேலைக்குப் போகாமல் உள்ளேயே கசியும். கியர் ஆயில் கலந்து கெட்டியாக்கிவிட்டால் அந்தக் கசிவு குறைந்து, குளிர்ந்த நேரத்தில் பம்பு புதிதுபோல இழுக்கும். சூடேறி ஆயில் இளகியதும் சாயம் வெளுத்துவிடும். காலையிலேயே வரச் சொன்னதற்கும், இன்னொரு பார்ட்டி என்று அவசரப்படுத்தியதற்கும் காரணம் அதுதான்.

டேங்குக்குத் திரும்பும் ஆயிலை வடிகட்டும் ரிட்டர்ன் ஃபில்டரைக் கழற்றி, தாளை அறுத்து வெயிலில் விரித்தோம். மடிப்புக்கு மடிப்பு பித்தளைப் பொடி, பட்டுச் சேலை ஜரிகை மாதிரி மின்னியது. அப்பா அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. அவரை யார்டுக்குக் கூட்டிப் போகாமல் போனேனே என்று இன்றைக்கும் மனம் அடித்துக்கொள்கிறது.

பம்பு வேலைக்கு மட்டும் 2.6 லட்சம் ஆனது. அப்புறம் செயினை ஓட்டும் டிராவல் கியரின் பிளக்கைத் திறந்தால் ஆயிலுக்குப் பதில் கிரீஸ் கட்டிகட்டியாக விழுந்தது, சீல் ஒழுகுவது தெரியாமல் இருக்க அடைத்து வைத்திருக்கிறார்கள். பூம் அடியில் ஆரஞ்சு பெயின்டைச் சுரண்டினால் பழைய வெல்டிங். மீட்டரில் 8,400 மணி நேரம்தான், ஆனால் பெடல் இரும்பு வரை தேய்ந்திருந்தது. அதை அன்றைக்கே பார்த்தேன், பார்த்தும் கேட்காமல் விட்டேன்.

யார்டுக்காரரிடம் கேட்டால், "பழைய வண்டிக்கு ஏது தம்பி கேரண்டி?" என்றார். நான் கையெழுத்துப் போட்ட தாளில் "உள்ளது உள்ளபடி" என்று ஒரு வரி இருக்கிறது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன், பதில் வரவில்லை.

வாங்கப் போகிறவர்கள் வண்டியை மதியம் பாருங்கள். டீசல் காசை நீங்களே கொடுத்து இரண்டு மணி நேரம் மண் அள்ளச் சொல்லுங்கள், டேங்க் கை வைக்க முடியாத சூட்டுக்கு வரட்டும். அதற்கு மறுக்கிற இடத்தில் மேற்கொண்டு பேச வேண்டாம். சூடான பிறகு பூமையும் பக்கெட்டையும் ஊன்றி ஒரு பக்கச் செயினைத் தரையிலிருந்து தூக்கி, மூன்று சுற்றுக்கு எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். மறுபக்கமும் அதேபோல. இரண்டும் ஒத்துப்போக வேண்டும். பக்கெட்டில் மண்ணோடு பூமை உயர்த்தி, இன்ஜினை அணைத்து, சிலிண்டர் ராடில் சாக்பீஸ் கோடு போட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். கோடு எவ்வளவு நகர்ந்தது என்பதைப் பார்த்தாலே பாதி கதை தெரிந்துவிடும். யாரும் பூம் அடியில் நிற்க வேண்டாம். கேஜ் மாட்டிப் பிரஷர் பார்ப்பதும் சூட்டில்தான். பிரஷர் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ளும் ரிலீஃப் வால்வின் ஸ்குருவை முறுக்கிப் பிரஷரை ஏற்றிக் காட்ட முடியும், அதனால் கேஜை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஃபில்டரை உங்கள் கண்முன்னே கழற்றச் சொல்லுங்கள், புது ஃபில்டர் செலவு உங்களுடையதாக இருந்தாலும் பரவாயில்லை. மெக்கானிக்கை உங்கள் ஊரிலிருந்தே கூட்டிப் போங்கள்.

600 கிலோ வரை பிரஷர் காட்டும் கேஜும் ஹோஸும் இப்போது வாங்கி வைத்திருக்கிறேன். ஆத்தூர், தலைவாசல் சுற்றுவட்டாரத்தில் யாராவது வண்டி பார்க்கப் போவதாக இருந்தால் முந்தின நாள் சொல்லுங்கள், எடுத்துக்கொண்டு நானும் வருகிறேன். அப்பாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.