தைத்த தசைநாணுக்குப் போடும் ஸ்பிளின்ட்: வன்னி வெயிலுக்கு எது தாங்கும்?

தகரம் வெட்டும்போது, மீன் வெட்டும் கத்தி வழுக்கும்போது, போத்தல் ஓடு குத்தும்போது என்று வன்னியில் விரல் அறுபடுவதற்கு வழி பல. ஊரில் "நரம்பு அறுந்திட்டுது" என்று சொல்வது பெரும்பாலும் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணைத்தான். உணர்ச்சி நரம்பு வேறு. அது விரலின் இரண்டு பக்கத்தாலும் ஓடுவதால் நாணோடு சேர்ந்து அறுபடுவதும் சாதாரணம். சத்திரசிகிச்சை தியேட்டரில் நாணைத் தைத்து முடித்த கையில் அதற்குப் பிறகு ஆறு கிழமை இருக்கப்போவது ஸ்பிளின்ட், அதாவது கையைத் தாங்கிப் பிடிக்கும் கட்டு. பிளாஸ்ரர், தேர்மோபிளாஸ்டிக் என்ற இரண்டு வகையையும் இங்கே பார்க்கிறோம். உள்ளங்கைப் பக்கம் அறுந்த, விரலை மடக்கும் நாண்களுக்கு மட்டுமே இது பொருந்தும். புறங்கைப் பக்கத்து நாணுக்குப் போடும் அமைப்பே வேறு.

பெருவிரல் தவிர்ந்த ஒவ்வொரு விரலிலும் மடக்கும் நாண் இரண்டு. ஆழத்தில் இருப்பது நுனி மூட்டையும் மேலே இருப்பது நடு மூட்டையும் மடக்கும். இரண்டும் ஒடுங்கிய ஒரே குழாய்க்குள் வழுக்கி ஓடுகின்றன. அறுந்த முனைகளை 3-0 அல்லது 4-0 நூலால் (முதல் எண் கூடினால் நூல் மெல்லியது), பெரும்பாலும் நாலு இழை குறுக்கே போகும்படி தைத்து, ஓரத்தைச் சுற்றி 5-0, 6-0 மெல்லிய நூலால் ஒரு சுற்றுத் தையல் போடுவார்கள். தைத்த இடம் அசையாமல் கிடந்தால் குழாயோடு ஒட்டிக்கொள்ளும். அளவுக்கு மிஞ்சி இழுபட்டால் பிரியும். முனைகளுக்கிடையில் 3 மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி விழுந்தாலே நாண் பலமாகச் சேராது. ஆகவே விரல் உள்ளே மடங்கி நிமிர இடம் வேண்டும், ஓர் எல்லைக்கு மேல் நிமிரவும் கூடாது. புறங்கைக்கு மேலே கூரை மாதிரி வரும் ஸ்பிளின்டின் வேலை அதுதான். இதை விளங்காமல் போட்டால் எந்த வகையும் உதவாது.

நல்ல கூரை மணிக்கட்டிலிருந்து முன்கையின் மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் தொடங்கி, விரல் நுனியைத் தாண்டி ஒன்று இரண்டு சென்ரிமீற்றர் நீண்டிருக்கும். விரல் அடி மூட்டு ஏறக்குறைய 50 முதல் 60 பாகை மடிந்திருக்க, அதற்கப்பால் உள்ள இரண்டு மூட்டும் கூரையோடு தட்டையாகப் படும் அளவுக்கு நேராக நிமிர வேண்டும். மணிக்கட்டை முன்பு நன்றாக உள்ளே மடித்து வைத்தார்கள். இப்போது பலர் நேராகவே வைக்கிறார்கள். உங்கள் கைக்கு எது என்பதைத் தைத்த வைத்தியர் தீர்மானிப்பார்.

தேர்மோபிளாஸ்டிக் என்பது ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள தகடு. 65 முதல் 75 பாகை செல்சியஸ் சுடுதண்ணீரில் ஒன்றிரண்டு நிமிடம் கிடந்தால் குழைந்து வரும். துவாயில் ஒற்றி, சூடு ஆறவிட்டுக் கையில் வைத்து உருவாக்க மூன்று நாலு நிமிடம்தான் கிடைக்கும். உணர்ச்சி நரம்பும் அறுந்த விரலுக்குச் சூடு தெரியாது. தகட்டை முதலில் தன் கையில் வைத்துப் பார்த்துவிட்டு உங்கள் கையில் வைப்பவர் வேலை தெரிந்தவர். சின்னி விரல் பக்கம் மணிக்கட்டில் துருத்தும் எலும்புக்கு மேலே குழிவு விட்டிருக்கிறாரா, ஓரங்களை வெளிப்பக்கம் சுருட்டியிருக்கிறாரா என்றும் பாருங்கள். அந்த எலும்பில் சிவந்த தழும்பு அரை மணித்தியாலமாகியும் மறையாவிட்டால் திரும்பச் சூடாக்கித் திருத்த வேண்டும்.

இதன் பெரிய நன்மையே அப்படித் திருத்தலாம் என்பதுதான். முதல் பத்து நாளில் வீக்கம் வற்ற, அளவாக இருந்த ஸ்பிளின்ட் தளர்ந்துவிடும். தகட்டைச் சூடாக்கி அதே கைக்கு மறுபடி படிய வைக்கலாம். பாரமும் இல்லை, தண்ணீர் பட்டாலும் கரையாது.

வன்னியில் இதைக் கெடுப்பது வெயில். கதவு பூட்டி வெயிலில் நிற்கும் வாகனத்தின் டாஷ்போர்ட்டில் சூடு 60 பாகையைத் தாண்டும். தகடு அங்கே கிடந்தால் கூரை நெளிந்து சாயும். அடுப்புப் பக்கமும் கொண்டுபோகக் கூடாது. (கழற்றச் சொல்லாதவரை இது கையை விட்டு இறங்கவே கூடாது என்பதும் இதோடு சேர்ந்ததுதான்.) இரண்டாவது பலவீனம் வெல்குரோ, அதாவது ஸ்பிளின்டைக் கையோடு பிடிக்கும் ஒட்டுப்பட்டி. சூடடிப்புக் காலத்துத் தூசும் பதரும் கொக்கிகளுக்குள் அடைந்தால், அதோடு வியர்வையும் ஊறினால், பட்டி பிடிக்காது. மணிக்கட்டுப் பட்டி தளர்ந்ததும் கை முழங்கைப் பக்கமாகப் பின்னுக்கு வழுக்கும். வெளிப்பார்வைக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். மடிப்பு வளைவு மட்டும் விரல் அடி மூட்டை விட்டு விலகியிருக்கும். விரலை நிமிர்த்திப் பாருங்கள். நகத்தின் முதுகும் நடு மூட்டின் முதுகும் ஒரே நேரத்தில் கூரையில் படாவிட்டால் கை வழுக்கிவிட்டது. கொக்கிகளைப் பழைய பல் பிரஷால் இரண்டு நாளுக்கொருமுறை சுத்தம் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பிளாஸ்ரர் எந்த ஆஸ்பத்திரியிலும் கிடைக்கும், அதைக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை. 10 சென்ரிமீற்றர் பண்டேஜை எட்டுப் பத்து மடிப்பாக எடுத்து, இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்துப் புறங்கைப் பக்கம் வைப்பார்கள். சில நிமிடங்களில் இறுகினாலும் முழுதாகக் காய ஒன்று இரண்டு நாள் செல்லும். அதுவரை தலையணையில் வையுங்கள், மேசை விளிம்பில் ஊன்றினால் பள்ளம் விழும். மாரி மழையில் நனைந்தால் மணிக்கட்டு மடிப்பில்தான் முதலில் வெடிக்கும். பெரிய பிழை வேறு: உள்ளங்கையில் பஞ்சை உருட்டி வைத்து விரல்களையும் சேர்த்துச் சுற்றிவிடுவது. அப்படி மூன்று கிழமை கிடந்த நடு மூட்டு மடிந்தபடியே இறுகும், அதை நிமிர்த்த மாதக்கணக்காகும். கட்டுப் போடும்போதே "விரல் அசைக்க இடம் விடுங்கோ" என்று கேளுங்கள். கழற்றிப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளுக்குத் தகட்டைவிட பிளாஸ்ரரே பாதுகாப்பு.

எந்த வகையானாலும், அசைவு வழக்கமாக மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாளுக்குள் தொடங்கும். விழித்திருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும், மற்றக் கையால் ஒவ்வொரு மூட்டையும் மெல்ல மடித்துப் பத்துத் தடவை, பிறகு கூரை வரை நிமிர்த்திப் பத்துத் தடவை. மற்றக் கையின் உதவியில்லாமல் விரலை அதன் சொந்தப் பலத்தால் மடக்குவது வைத்தியர் சொன்ன பிறகு மட்டும், அதுவும் மென்மையாக. எதையாவது பிடிக்கும்போது "டக்" என்று தெறித்து, பிறகு விரல் நுனி மடங்காவிட்டால் அன்றைக்கே போங்கள். அடுத்த கிளினிக் நாள் வரை பொறுத்தால் முனைகள் சுருங்கி விலகிவிடும்.

எங்கள் தீர்ப்பு இது. செய்து தந்தவரே முதல் மாதம் கிழமைக்கொருமுறை பார்ப்பார் என்றால் தேர்மோபிளாஸ்டிக். மல்லாவி, ஒட்டுசுட்டான் பக்கமிருந்து ஏ9 வீதிக்கு வந்து பஸ் மாறிப் போக வேண்டியவருக்கு அது உறுதியில்லாவிட்டால், சரியான மடிப்பில் போட்ட பிளாஸ்ரர். தளர்ந்த தகட்டைவிட அது எவ்வளவோ மேல்.

ஆறு கிழமை முடிந்ததும் பகலில் கழற்றச் சொல்வார்கள். சிலருக்கு இரவில் இன்னும் இரண்டு கிழமை தொடரும். கோப்பை பிடிக்கலாம், சட்டைப் பொத்தான் போடலாம். மண்வெட்டி, தண்ணீர் வாளி, இடக்கை என்றால் மோட்டார் சைக்கிள் கிளச், இவையெல்லாம் 12 கிழமைக்குப் பிறகுதான்.