கூட்டல் விருத்தி: சூத்திரமா, இடைவெளியா?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உயர்தரத்துக்குப் படித்துக்கொண்டே அமெரிக்கப் பல்கலைக்கழக அனுமதிக்கான எஸ்.ஏ.டி. தேர்வுக்கும் தயாராகும் பிள்ளைகளிடம் ஒரு பழக்கத்தைக் காண்கிறேன். கூட்டல் விருத்தி (அடுத்தடுத்த உறுப்புகளுக்கு இடையே ஒரே வித்தியாசம் உள்ள எண் வரிசை) என்றதும் கை தானாகச் சூத்திரத்தை எழுதிவிடுகிறது. அது பிழையில்லை. ஆனால் எஸ்.ஏ.டி. கணிதத்தில் ஒரு பகுதிக்கு 35 நிமிடம், 22 வினாக்கள். ஒன்றுக்குச் சுமார் 95 வினாடிதான்.

ஒரு கணக்கை எடுப்போம். 4ஆம் உறுப்பு 19, 11ஆம் உறுப்பு 54. 20ஆம் உறுப்பு என்ன?

சூத்திர வழியில் இரண்டு சமன்பாடுகள் எழுதி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, பொது வித்தியாசம் 5, முதல் உறுப்பு 4 என்று கண்டு, பிறகு 4 + 19 × 5 = 99 என்று முடிக்க வேண்டும். இடைவெளி வழியில் முதல் உறுப்பே தேவையில்லை. 4 முதல் 11 வரை 7 இடைவெளிகள், ஏற்றம் 35. ஆகவே ஒவ்வொன்றும் 5. 11 முதல் 20 வரை இன்னும் 9 இடைவெளிகள்: 54 + 45 = 99. எண்ணும்போது மட்டும் கவனம் வேண்டும். 4 முதல் 11 வரை உறுப்புகள் எட்டு, இடைவெளிகள் ஏழு. பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

கூட்டுத்தொகையிலும் இதே போட்டி உண்டு. அதே விருத்தியின் முதல் 15 உறுப்புகளின் கூட்டுத்தொகைக்கு நடு உறுப்பான 8ஆம் உறுப்பே போதும். அது 39. 15 × 39 = 585. உறுப்புகளின் எண்ணிக்கை இரட்டையானால் நடுவிலுள்ள இரண்டின் சராசரியை எடுக்கலாம்.

ஆனால் 5 + 9 + 13 + … என்ற தொடரில் எத்தனை உறுப்புகளின் கூட்டுத்தொகை 230 என்று கேட்டால் சூத்திரமே வெல்லும். இருபடிச் சமன்பாடு வந்து, 10 என்ற விடை கிடைக்கும். மற்ற மூலம் −11.5, அதைத் தள்ளிவிடலாம். உயர்தர இணைந்த கணிதத்திலும் சூத்திரத்தைக் கைவிடக் கூடாது. அங்கே படிமுறைக்குப் புள்ளி உண்டு. வெறும் 99 என்று எழுதிவிட்டுப் போக முடியாது.

மூன்றாவதாக, எஸ்.ஏ.டி. திரையிலேயே இருக்கும் டெஸ்மொஸ் கணிப்பான். (4, 19), (11, 54) என்ற புள்ளிகளினூடாக நேர்கோடு வரைந்தால் சாய்வு 5 என்று காட்டும், வெட்டுத்துண்டு −1 என்றும் காட்டும். அந்த −1 முதல் உறுப்பு அல்ல. 0ஆம் இடத்துக்குரிய பெறுமதி. முதல் உறுப்பு வேண்டுமானால் அதனுடன் 5ஐக் கூட்ட வேண்டும்.