போர்ஸ் புரொடெக்‌ஷனா, நேவிஸ்டாரா, ஆஷ்காஷா? கண்ணிவெடி தாங்கும் வாகனத் தொழிலில் முதலீடு குறித்த ஓர் ஒப்பீடு

இராக்கில் சாலையோரக் குண்டுகளுக்கு அமெரிக்கப் படைவீரர்கள் நாள்தோறும் பலியாகிக்கொண்டிருந்த 2007 மே மாதத்தில், அன்றைய பாதுகாப்புத் துறைச் செயலர் ராபர்ட் கேட்ஸ், எம்ஆர்ஏபி எனப்படும் கண்ணிவெடி தாங்கும் வாகனங்களை வாங்குவதே தம் துறையின் தலையாய கொள்முதல் என்று அறிவித்தார். அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 27,000 வாகனங்கள் வாங்கப்பட்டன; அதற்கான செலவு 4,500 கோடி டாலரை எட்டியது. இந்த வாய்ப்பைப் பங்குச்சந்தை வழியாகப் பயன்படுத்த நினைத்தவர் முன் பல பெயர்கள் இருந்தன. அவற்றுள் போர்ஸ் புரொடெக்‌ஷன், நேவிஸ்டார், ஆஷ்காஷ் ஆகிய மூன்று அமெரிக்க வாகன நிறுவனங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பது இன்றைய முதலீட்டாளருக்கும் பயன்படும் என்பது என் உறுதியான கருத்து. சிறந்த வாகனத்தைச் செய்த நிறுவனமும் சிறந்த பங்காக விளங்கிய நிறுவனமும் இங்கே வெவ்வேறாக இருந்தன.

தென் கரோலினா மாநிலத்தின் லாட்சனில் இயங்கிய போர்ஸ் புரொடெக்‌ஷனுக்கு இதுவே ஒரே தொழில். அதன் பஃபலோ, கூகர் வாகனங்களின் பொறியியல் தென்னாப்பிரிக்காவில் பல ஆண்டுக் கண்ணிவெடி அனுபவத்தில் விளைந்தது. அமெரிக்கப் படையின் வழக்கமான வண்டியான, தட்டையான அடிப்பாகம் கொண்ட ஹம்வீயின் கீழே குண்டு வெடித்தால், அதன் முழு விசையும் தரைத்தகட்டின் மீது மோதி உள்ளே இருப்பவரின் கால்களையும் முதுகெலும்பையும் தாக்கும். கூகரின் அடிப்பாகமோ ஆங்கில 'வி' எழுத்தைப் போல இருபுறமும் சரிந்திருக்கும். தரையிலிருந்து உயர்ந்தும் நிற்கும். வெடிப்பின் அழுத்தம் பக்கவாட்டில் சிதறிப் போகும். சக்கரமும் அச்சும் பிய்ந்து போனாலும் உள்ளிருந்தவர்கள் நடந்து வெளியே வந்த நிகழ்வுகள் பல. இத்தகைய பொருளை உருவாக்கிய நிறுவனத்தின் மீது மதிப்பு ஏற்படுவது இயல்பே. எனக்கும் அந்த மதிப்பு இன்றுவரை குறையவில்லை.

ஆயினும், அதன் கணக்கேடு வேறொரு கதையைச் சொன்னது. 2006இல் சுமார் 20 கோடி டாலராக இருந்த ஆண்டு விற்பனை, 2008இல் 130 கோடி டாலரைத் தாண்டியது. இத்தனை வேகமான வளர்ச்சியை அதன் நிர்வாகமும் கணக்குப் பிரிவும் தாங்கவில்லை. போட்டி ஒப்பந்தப்புள்ளி இல்லாமல் அந்நிறுவனத்திற்கு ஆர்டர்கள் வழங்கப்பட்டதையும், வாகனங்கள் தாமதமாக ஒப்படைக்கப்பட்டதையும் பாதுகாப்புத் துறையின் தலைமை ஆய்வாளர் அறிக்கை 2007இல் குறை கூறியது. 2008 தொடக்கத்தில் தலைமைச் செயல் அலுவலர் விலகினார்; ஆண்டறிக்கை தாமதமானது; முந்தைய நிதி முடிவுகளைத் திருத்த வேண்டி வந்தது. 2007 நடுவில் 20 டாலருக்கு மேல் விற்ற பங்கு, 2008இல் 5 டாலருக்கும் கீழே இறங்கியது. விற்பனை உச்சத்தில் இருந்த அதே ஆண்டில்தான் பங்கு தரைதட்டியது என்பதைக் கவனிக்க வேண்டும். இதற்குக் கணக்குக் குழப்பம் மட்டும் காரணமன்று. எத்தனை வாகனங்கள் தேவை என்பதற்கு ஓர் எல்லை உண்டு என்பதையும், அந்த எல்லைக்குள் பெரும்பங்கு பிறருக்குப் போய்விட்டது என்பதையும் சந்தை புரிந்துகொண்டது. 'வி' வடிவத்தை முன்னெடுத்தவர்கள் இவர்கள் என்றாலும், அதைப் பிறர் செய்யவிடாமல் தடுக்கும் அரண் எதுவும் இவர்களிடம் இல்லை.

பிறருள் முதலாவது நேவிஸ்டார். நெடுஞ்சாலை லாரி செய்யும் இந்நிறுவனம், இஸ்ரேலின் பிளாசன் நிறுவனத்தின் கவசத்தைத் தன் லாரி அடிச்சட்டத்தின் மீது பொருத்தி மாக்ஸ்புரோவை உருவாக்கியது. 2007 மே மாதத்திலேயே 1,200 வாகனங்களுக்கான ஆர்டரைப் பெற்று, பின்னர் எம்ஆர்ஏபி வழங்கியவர்களுள் முதல் வரிசைக்கு வந்தது. தொடர் உற்பத்தி, விநியோகர்கள், உதிரிபாகம் என எல்லாமே அதனிடம் தயாராக இருந்தன. ஆனால், இதன் பங்கை வாங்கியவர் உண்மையில் லாரி எஞ்சின் தொழிலைத்தான் வாங்கினார். கணக்குச் சிக்கலால் 2007 பிப்ரவரியில் நியூயார்க் பங்குச்சந்தைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட நிறுவனம், 2008இல்தான் மீண்டும் அங்கே இடம்பெற்றது. பிறகு, 2010ஆம் ஆண்டின் புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு யூரியாக் கரைசல் இல்லாத தொழில்நுட்பத்தை நம்பி இறங்கி, 2012இல் அதைக் கைவிட நேர்ந்தது. படைத்துறை ஈட்டித் தந்ததை எஞ்சின் பிரிவு விழுங்கிவிட்டது. எம்ஆர்ஏபி உதிரிபாகங்களுக்கு அரசிடம் கூடுதல் விலை பெற்றதாக எழுந்த குற்றச்சாட்டைத் தீர்த்துக்கொள்ள, அதன் முன்னாள் பாதுகாப்புப் பிரிவு 2021இல் 5 கோடி டாலர் செலுத்தியது.

ஆஷ்காஷின் நிலை 2007இல் பார்த்தவருக்குக் கவர்ச்சியாகத் தோன்றியிருக்காது. எம்ஆர்ஏபியின் முதற்கட்ட ஆர்டர்களில் அதற்குப் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. ஆட்களை உயரத்திற்கு ஏற்றும் மேடை இயந்திரங்களைச் செய்யும் ஜேஎல்ஜி நிறுவனத்தை 2006இல் 300 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியதால் கடன் கழுத்தை நெரித்தது. கட்டுமானத் தொழில் முடங்கிய 2009 தொடக்கத்தில் பங்கு 10 டாலருக்கும் கீழே கிடந்தது. அப்போதுதான் போர்க்களம் இராக்கின் தார்ச்சாலைகளிலிருந்து ஆப்கானிஸ்தானின் மலைப்பாதைகளுக்கு மாறியது. கனமான எம்ஆர்ஏபிகள் அங்கே கவிழ்ந்தன. ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும் டாக்-4 சஸ்பென்ஷன் ஆஷ்காஷிடம் இருந்தது. சக்கரம் சுமார் 40 சென்டிமீட்டர் வரை மேலும் கீழும் நகரும். அதன் மீது கட்டிய, கரடுமுரடான நிலத்திற்கான இலகுரக எம்ஆர்ஏபியான எம்-ஏடிவி வாகனத்திற்கு 2009 ஜூன் 30 அன்று 100 கோடி டாலருக்கு மேற்பட்ட முதல் ஆர்டர் கிடைத்தது. வேலையின்றிக் கிடந்த ஜேஎல்ஜி தொழிற்சாலையிலேயே வாகனங்களைப் பூட்டத் தொடங்கினார்கள். அவ்வாண்டு இறுதிக்குள் மாதம் 1,000 என்ற எண்ணிக்கையை எட்டினார்கள். 2010இல் பங்கு 40 டாலரைத் தொட்டது. எம்-ஏடிவி போட்டியில் தோற்ற போர்ஸ் புரொடெக்‌ஷனின் கூகர்களையும் ஆப்கான் நிலத்திற்கு ஏற்றவையாக மாற்ற, அதே டாக்-4 சஸ்பென்ஷனே பொருத்தப்பட்டது. எவர் வென்றாலும் தேவைப்படும் பாகம் யாரிடம் இருக்கிறது என்பதை, ஆர்டர் எண்ணிக்கையைப் பார்ப்பதற்கு முன் பார்த்திருக்க வேண்டும்.

இதைச் சொல்லும்போது, 2009 தொடக்கத்தில் ஆஷ்காஷை வாங்குவது பெரும் துணிச்சலைக் கோரியது என்பதையும் மறைக்கக் கூடாது. எம்-ஏடிவி ஆர்டர் கைநழுவியிருந்தால், அந்தக் கடன் பங்குதாரரைப் பெரும் இழப்பில் தள்ளியிருக்கக்கூடும். பெரிய கடன் ஏதுமில்லாத போர்ஸ் புரொடெக்‌ஷனில் அந்த ஆபத்து இல்லை. ஆகவே, 2008இன் வீழ்ச்சிக்குப் பிறகு அதை மலிவாக வாங்கியவரைத் தவறு செய்தவர் என்று நான் சொல்லமாட்டேன். பிரிட்டிஷ் இராணுவத்திற்கான ஃபாக்ஸ்ஹவுண்ட் என்ற இலகுரக வாகனத்திற்கு 2010இல் 200 வண்டிகளுக்கான ஆர்டரை அந்நிறுவனம் பெற்றது; 2011 நவம்பரில் ஜெனரல் டைனமிக்ஸ் ஒரு பங்குக்கு 5.52 டாலர் தந்து அதை வாங்க ஒப்புக்கொண்டது. உச்சத்தில் வாங்கியவருக்கு அது முதலீட்டில் முக்கால் பங்கின் இழப்பு. வீழ்ச்சியில் வாங்கியவருக்கு ஓரளவு இலாபம்.

போர் ஓய்ந்தபின் என்ன மிஞ்சும் என்பதில்தான் இறுதி வேறுபாடு தெரிகிறது. அமெரிக்கா ஆப்கானிஸ்தானிலேயே நூற்றுக்கணக்கான எம்ஆர்ஏபிகளை உடைத்துப் பழைய இரும்பாக்கியது. அந்தக் கட்டத்தைத் தனி நிறுவனமாக எதிர்கொள்ள போர்ஸ் புரொடெக்‌ஷன் இருக்கவில்லை. ஆஷ்காஷோ 2015இல் ஹம்வீக்கு மாற்றான ஜேஎல்டிவி ஒப்பந்தத்தை வென்றது. 2023இல் அதன் அடுத்த கட்டத்தை ஏஎம் ஜெனரல் நிறுவனத்திடம் இழந்தபோதும், உயரேற்றும் மேடை இயந்திரங்களும் தீயணைப்பு வண்டிகளும் அமெரிக்க அஞ்சல் துறைக்கான புதிய வண்டிகளும் அதன் கையில் இருந்தன.