எக்ஸ்-ஸ்பெக்: ஏழு வருஷம் ஓட்டிப் பார்த்ததில்

கொடைக்கானலில் உட்கார்ந்துகொண்டு ஏழு வருஷமாக எக்ஸ்-ஸ்பெக் என்ற இந்த மென்பொருளில் கருந்துளைகளின் எக்ஸ் கதிர் நிறமாலையை, அதாவது எந்த ஆற்றலில் எவ்வளவு கதிர் வருகிறது என்ற கணக்கை, பிரித்துப் பார்க்கிறேன். தொழில் இல்லை, பகலில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன், ராத்திரியில் இது. "மலை மேல இருக்கீங்க, வானம் நல்லாத் தெரியுமே" என்பார்கள். எக்ஸ் கதிருக்கு 2,100 மீட்டரெல்லாம் ஒரு உயரமே இல்லை, காற்று மண்டலம் எல்லாவற்றையும் மேலேயே விழுங்கிவிடும். நுஸ்டார், ஆஸ்ட்ரோசாட் மாதிரி செயற்கைக்கோள்கள் எடுத்த தரவை இறக்கித்தான் வேலை. தரவும் இலவசம், மென்பொருளும் இலவசம். செலவு நெட்டுக்கும் தூக்கத்துக்கும்தான்.

1983-இல் கேம்பிரிட்ஜில் எழுத ஆரம்பித்தது, பார்த்தாலே வயசு தெரியும். பட்டன் கிடையாது, கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டும். என் பழைய லேப்டாப்பில் நிறுவ ஒரு ராத்திரி ஆனது, நடுவில் கரண்ட் போய் மறுபடி முதலிலிருந்து. ஆனால் ஒரு விஷயத்துக்குக் கும்பிட வேண்டும்: ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் அதுவாகவே ஒரு கோப்பில் சேமித்துக்கொள்கிறது. மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனாலும், வந்ததும் அந்தக் கோப்பை ஏற்றினால் விட்ட இடத்தில் தொடரலாம்.

சரி, பெரிய குறைக்கு வருகிறேன். குறை மென்பொருளில் பாதி, என்னிடம் பாதி.

கருந்துளைக்குள் விழப்போகும் வாயு தட்டு மாதிரி சுற்றிக்கொண்டிருக்கும். அதன் மேல் எக்ஸ் கதிர் பட்டால் அதிலுள்ள இரும்பு 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் ஒளிரும். சாதாரணமாக அது மெல்லிய கோடு. கருந்துளைக்குப் பக்கத்தில் வேகமும் ஈர்ப்பும் சேர்ந்து அதைப் பிசைந்துவிடும். நீலப் பக்கம் (அதிக ஆற்றல்) கூர்மையான உச்சி, சிவப்புப் பக்கம் (குறைந்த ஆற்றல்) இழுத்துக்கொண்டே போகும் வால். வால் எவ்வளவு நீளம் என்பது தட்டின் உள்விளிம்பு எவ்வளவு கிட்டே என்பதைப் பொறுத்தது. பத்து சூரிய நிறையுள்ள, சுழலாத கருந்துளை என்றால் மையத்திலிருந்து சுமார் 90 கி.மீ., ஏறக்குறைய நாங்கள் பஸ்ஸில் திண்டுக்கல் போகிற தூரம். கருந்துளை சுழன்றால் இன்னும் கிட்டே வரும்.

இந்த மென்பொருளின் வேலை, நாம் கொடுக்கும் வளைவைத் தரவோடு பொருத்துவது. சிக்னஸ் எக்ஸ்-1 என்ற கருந்துளையின் தரவில் இந்த இரும்புக் கோட்டுக்கு நான் சும்மா ஒரு மணி வடிவ வளைவைப் போட்டுப் பொருத்தினேன். பொருத்தம் எவ்வளவு நல்லது என்று சொல்லும் எண் 1.04. ஒன்றுக்குக் கிட்டே வந்தால் நல்லது என்று படித்திருந்தேன், டீ போட்டுக் கொண்டாடினேன். ஆறு மாதம் அதையே வைத்து நோட்டு நோட்டாக எழுதினேன். அப்புறம் ஆராய்ச்சி மாணவரான தம்பி ஒருவர் படத்தைப் பார்த்துக் கேட்டார்: "அண்ணா, 5.8-ல இரும்பு எங்கண்ணா இருக்கு?"

வாலையும் உச்சியையும் ஒரே சமச்சீர் வளைவால் மூடப் பார்த்ததில் அதன் நடு 5.8-க்கு நகர்ந்திருந்தது. மென்பொருள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கு இயற்பியல் தெரியாது, தரவுக்கும் வளைவுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைக்க மட்டும்தான் தெரியும்.

பிறகு மணி வளைவை விட்டு 'ரெல்எக்ஸ்இல்' என்ற கணித மாதிரிக்கு மாறினேன், ஈர்ப்பு விளைவெல்லாம் அதில் உண்டு. அதிலும் தொல்லை: தொடக்க எண்ணைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தால் கருந்துளையின் சுழற்சியைச் சொல்லும் எண், மாதிரியின் மேல் எல்லையான 0.998-இல் போய் முட்டிக்கொண்டு நிற்கும். இப்போது நான்கைந்து இடத்திலிருந்து தொடங்கி, எல்லாம் ஒரே விடையில் வந்து விழுகிறதா என்று பார்க்காமல் எதையும் எழுதுவதில்லை. இதே மாதிரி வாலை, குறுக்கே நிற்கும் மேகம் கதிரை உறிஞ்சுவதாலும் வரவழைக்கலாம். 1995-இல் அஸ்கா செயற்கைக்கோள் ஒரு விண்மீன் மண்டலத்தில் (கேலக்ஸி) இந்த அகன்ற கோட்டைத் தெளிவாகக் காட்டியது. பிற்பாடு அதே மண்டலத்தை வைத்தே, வால் ஈர்ப்பாலா மேகத்தாலா என்று பெரியவர்கள் இரண்டு பக்கமும் சண்டை போட்டிருக்கிறார்கள், நான் எம்மாத்திரம்.

(இங்குள்ள சூரிய ஆய்வகத்தில்தான் 1909-இல் எவர்ஷெட் என்ற ஆங்கிலேய வானியலாளர், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை நிறமாலைக் கோடு நகர்வதை வைத்துக் கண்டுபிடித்தார். ஊர் ராசி என்று சொல்லிக்கொள்கிறேன்.)

புதிதாக வருபவர்களுக்கு: பயன்படுத்துங்கள், நான் விடப்போவதில்லை. கையேடு நன்றாக இருக்கிறது, பிழைச் செய்திகள் படு மோசம்.

இப்போது 2023-இல் ஏவிய எக்ஸ்ரிசம் செயற்கைக்கோளின் தரவைத் தொட்டிருக்கிறேன். பழைய கருவிகள் நூற்றுச் சொச்சம் எலக்ட்ரான் வோல்ட் அகலத்துக்கு மழுப்பியதை இது ஐந்துக்குள் பிரித்துக் காட்டுகிறது. கருவி கதிரை எப்படிப் பதிவு செய்கிறது என்று சொல்லும் பெரிய ரெஸ்பான்ஸ் கோப்பை ஏற்றினால் லேப்டாப் உறைந்துவிடுகிறது. ராம் வாங்க மதுரைக்குப் போக வேண்டும், அதுவரை சின்னக் கோப்போடு ஓட்டுகிறேன்.