வைத்திக்குப்பம் பக்கம் இருக்கிற பெத்தாங்க் (இரும்பு குண்டு எறியற பிரெஞ்சு ஆட்டம்) க்ளப்: சேரலாமா, குண்டு எது வாங்கலாம்

பாண்டில கடலோரமா வீடு பாக்கறவங்க எல்லாரும் காத்து எப்படி, போர் தண்ணி உப்பா, வாடகை எவ்ளோன்னு கேக்கறாங்க, சாயங்காலம் பசங்க எங்க விளையாடும்னு யாரும் கேக்கறதில்ல. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் பக்கம் குடி வர்றவங்க முதல்ல கேக்க வேண்டியதே அது தான், ஏன்னா இங்க கடல் இருக்கு, மணல் ரொம்ப கம்மி. அரியாங்குப்பம் ஆத்து முகத்துல 1980கள்ல துறைமுகத்துக்கு அலைத்தடுப்பு சுவர் கட்டினாங்க, தெக்கேந்து வடக்க நகந்து வர்ற மணல் அங்கயே தேங்கிடுச்சு, வீராம்பட்டினம் பக்கம் சேருது நம்ம பக்கம் அரிக்குது, அதுக்கு கருங்கல்ல கொட்டி கொட்டி இப்ப பல இடத்துல கல்லு மேல நின்னு தான் கடலயே பாக்கணும். 2018ல தலைமைச் செயலகம் எதிர்ல கடலுக்குள்ள செயற்கை பாறைத்திட்டு போட்டாங்க, அங்க மணல் திரும்பி வந்துச்சு, சந்தோஷம் தான், ஆனா அந்த இடம் பூரா டூரிஸ்ட். ஊர் பசங்க கபடி, வாலிபால் ஆட இடம் எங்க?

அதனால தான் எங்க ஏரியால இருக்கற இந்த சின்ன பெத்தாங்க் க்ளப் பத்தி விலாவாரியா எழுதணும்னு தோணுச்சு. வெளில இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது, ஒரு காம்பவுண்டு, ரெண்டு வேப்ப மரம், சரளை கலந்த செம்மண் தரை, நாலு சிமெண்ட் பெஞ்சு. அஞ்சு மணிக்கு மேல போனா டங்கு டங்குன்னு இரும்பு குண்டு மோதற சத்தம் கேக்கும்.

தெரியாதவங்களுக்கு ஆட்டம் இது தான். தரையில ஒரு வட்டம் போட்டு ரெண்டு காலும் உள்ள இருக்கணும், கொஷொனேன்ற 30 மில்லிமீட்டர் மரக்குண்ட 6ல இருந்து 10 மீட்டர் தூரத்துக்குள்ள எறியணும், அப்புறம் யாரோட இரும்பு குண்டு அதுக்கு கிட்ட நிக்குதோ அவங்களுக்கு பாயிண்ட், மொதல்ல 13 எடுக்கறவங்க ஜெயிச்சாங்க. மூணு பேரு டீம்னா ஆளுக்கு 2 குண்டு, ரெண்டு பேருன்னா ஆளுக்கு 3. ஓட வேணாம், குதிக்க வேணாம். தெற்கு பிரான்ஸ்ல லா சியோத்தான்ற கடலோர ஊர்ல, வாத நோயால ஓடி வந்து எறிய முடியாம போன ஒருத்தருக்காக 1900க்கு அப்புறம் மாத்தி அமைச்ச ஆட்டம் இது, அதனாலயே மூட்டு வலி இருக்கற என் மாமியாரும் ஒம்போதாவது படிக்கற என் பையனும் ஒரே டீம்ல ஆட முடியுது. வேற எந்த ஸ்போர்ட்ஸ் க்ளப்ல இது நடக்கும் சொல்லுங்க.

இங்க எனக்கு ரொம்ப பிடிச்சது சொல்லிக் குடுக்கற விதம். கோச்னு தனியா யாரும் கிடையாது, பிரெஞ்சு ராணுவத்துல இருந்து ரிட்டயர் ஆன சொல்தா தாத்தா ரெண்டு மூணு பேரு வருவாங்க, அவங்க தான் எல்லாருக்கும் வாத்தியார். நான் முதல்ல உள்ளங்கைய மேல பாத்த மாதிரி வச்சு எறிஞ்சிட்டு இருந்தேன், ஒரு தாத்தா பக்கத்துல வந்து, "ஏம்மா, கைய கவுத்து புடி, வுடும்போது மணிக்கட்ட லேசா பின்னாடி இழுத்து வுடு, அப்ப தான் குண்டு வுழுந்த எடத்துல நிக்கும், ஓடாது"ன்னாரு. அவ்ளோ தான், அன்னைக்கே வித்தியாசம் தெரிஞ்சுச்சு. பின்சுழற்சி கிடைக்கறது கைய கவுக்கறதுல தான் இருக்கு. எதிர் டீம்ல யாரு இருந்தாலும் அவரு தப்ப பாத்தா சொல்லிருவாரு, தன்னோட டீம் தோத்தாலும் பரவால்லன்னு.

சந்தா ஒரு ஜிம்முக்கு கட்டறதுல பாதி கூட வராது. குண்டு க்ளப்லயே இருக்கு, ஆனா தொடர்ந்து வர்றதா இருந்தா சொந்தமா வாங்கிக்கங்க, கைக்கு பழகின குண்டு வேணும் இந்த ஆட்டத்துக்கு. போட்டிக்கு செல்லுபடியாகற குண்டு 650ல இருந்து 800 கிராம் எடை, 70.5ல இருந்து 80 மில்லிமீட்டர் விட்டம். கிட்ட கொண்டு போய் வைக்கறவங்களுக்கு கொஞ்சம் சின்னதா, கனமா, மேல கோடு போட்டது நல்லது, அது தரைய புடிக்கும். எதிராளி குண்ட அடிச்சு தூக்கறவங்களுக்கு எடை கம்மியா வழவழன்னு இருக்கறது, இரும்பும் கொஞ்சம் மெதுவான ரகம், மோதினதும் தெறிச்சு ஓடாம அங்கயே நிக்கும். ஆன்லைன்ல மலிவா பளபளன்னு வர்ற செட்டுல கம்பெனி பேரோ எடையோ பொறிச்சிருக்காது, வீட்டு வாசல்ல ஆட ஓகே, போட்டில எடுத்துக்க மாட்டாங்க. ஓபுட் மாதிரி பிரெஞ்சு கம்பெனி குண்டு விலை ஜாஸ்தி தான், பிரான்ஸ்ல சொந்தக்காரங்க இருக்கறவங்க ஊருக்கு வரும்போது கொண்டு வர சொல்லுவாங்க. நம்ம ஊருக்கு ஒரே ஒரு விஷயம் முக்கியம், கார்பன் ஸ்டீல் வாங்கினா ஆட்டம் முடிஞ்சதும் துடைச்சு லேசா எண்ணெய் தடவி வைக்கணும், உப்புக் காத்துல சீக்கிரமே துரு ஏறிடும். அதெல்லாம் பாக்க நேரம் இல்லன்னா ஸ்டெயின்லெஸ் வாங்கிடுங்க. 11 வயசு வரைக்கும் இருக்கற குழந்தைங்களுக்கு 600 கிராம், 65 மில்லிமீட்டர் குண்டு ஒத்துக்கறாங்க, பெரியவங்க குண்ட குடுத்து தோள்பட்டைய வலிக்க வைக்காதீங்க.

குறைன்னு பாத்தா, பெண்களுக்கு உருப்படியான டாய்லெட் இல்ல. ஒண்ணு இருக்கு, ஆனா தாழ்ப்பாள் சரியில்ல, தண்ணி வராது. வீடு பக்கத்துல இருக்கறதால எனக்கு சமாளிக்க முடியுது, முத்தியால்பேட்டை மணிக்கூண்டு தாண்டி வர்ற பொண்ணுங்க என்ன பண்ணுவாங்க, ஒரு மணி நேரத்துல கெளம்பிடறாங்க. கமிட்டிகிட்ட பல தடவ கேட்டாச்சு, கோப்பை வாங்க காசு இருக்கு, தாழ்ப்பாளுக்கு இல்லன்னா எனக்கு கோவம் வருது, இத அவங்க முகத்துக்கு நேராவே சொல்லிருக்கேன். லைட்டும் ஒரு பக்கம் தான் எரியுது, ஏழு மணிக்கு மேல மரத்தடி பக்கம் கொஷொனே கண்ணுக்கே தெரியாது.

அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் சேராதீங்க, மழைல தரை சேறாயிடும். 2024 நவம்பர் கடைசில ஃபெஞ்சல் புயல் வந்தப்ப பாண்டில ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு, காம்பவுண்டு உள்ள முழங்கால் தண்ணி, வடிஞ்சப்புறம் குப்பத்துக்காரங்களும் நகர்ல இருக்கறவங்களும் சேந்து சரளை கொட்டி சமம் பண்ணாங்க, மீன் புடிக்க போக முடியாம இருந்த அண்ணன்மாரு தான் அதுல முக்கால்வாசி வேலை செஞ்சாங்க. புதுசா குடி வந்த எங்க ஃப்ளாட் ஆளுங்களுக்கு குப்பத்துல பேரு சொல்லி கூப்பிட ஆளு கிடைச்சது அப்போ தான், இன்னைக்கும் படகு வந்தா சங்கரா மீன் இருக்கு வாங்கன்னு போன் வருது.

ஜனவரில வாங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கூட்டம், முறை கிடைக்கவே நேரம் ஆகும், புதுசா கத்துக்கறவங்க செவ்வாய் புதன்ல வந்தா தாத்தாங்க நிதானமா சொல்லிக் குடுப்பாங்க. செருப்போட வராதீங்க, முக்கா கிலோ இரும்பு கால் மேல விழுந்தா நகம் போயிடும், மூடின ஷூ தான் போடணும். பொண்ணுங்க நாலஞ்சு பேரா சேந்து வாங்க, அடுத்த கூட்டத்துல டாய்லெட் பத்தி கேக்க எனக்கு இன்னும் ஆளு வேணும்.