திருகோணமலை ஓட்டத்துக்கு எந்தக் கெப்: டீசலா, பெற்றோலா?

கெப், அதாவது பின்னால் சாமான் ஏற்றும் பிக்கப் வண்டி, வாங்க நினைக்கும் நம்மவர்கள் பலர் இன்னும் 2021ஆம் ஆண்டுக் கணக்கையே மனதில் வைத்திருக்கிறார்கள். அந்த ஜூனில் ஒட்டோ டீசல் லீற்றர் 111 ரூபாய், 92 ஒக்ரேன் பெற்றோல் 157 ரூபாய். அடுத்த ஆண்டு ஜூன் முடிவில் டீசல் 460, பெற்றோல் 470. இடைவெளி அப்போது 46 ரூபாயிலிருந்து பத்துக்கு இறங்கியது.

அதனால் டீசல் தோற்றுவிட்டது என்று சொல்லிவிடாதீர்கள். டீசல் கெப் லீற்றருக்கு 12 கிலோமீற்றர், அதே அளவு பெற்றோல் கெப் எட்டரை என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் கிலோமீற்றருக்கு 83 லீற்றர் டீசல் போதும். பெற்றோல் 118 லீற்றர் வேண்டும். 2021 விலையில் மிச்சம் சுமார் 9,200 ரூபாய். 2022 ஜூன் விலையில் அது 17,000 அளவில் வருகிறது! ஐஸ் பெட்டியில் மீன் ஏற்றிக்கொண்டு கந்தளாய், ஹபரணை வழியாகக் கொழும்புக்கு ஓடுகிறவர் ஒருமுறை போய்வந்தாலே 500 கிலோமீற்றர் தாண்டிவிடும். அவருக்கு டீசல்தான். என்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே பாரம் ஏற்றிய வண்டியை இழுக்கும் பலமும் அதற்குத்தான் உண்டு.

டவுனுக்கும் உப்புவெளிக்கும், மிஞ்சினால் நிலாவெளிக்கும் ஓடுகிறவர் யோசிக்க வேண்டும். புதிய டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. நீண்ட ஓட்டத்தில் நன்றாகச் சூடேறினால்தான் அந்தக் கரி எரிந்து போகும். சின்னச் சின்ன ஓட்டமாகவே இருந்தால் அடைத்துக்கொள்ளும். அதைவிடப் பயம், என்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர். டீசலில் தண்ணீரோ மண்ணெண்ணெயோ கலந்திருந்தால் முதலில் அடிபடுவது அதுதான். நான்கு இன்ஜெக்டரையும் மாற்ற நேர்ந்தால் சேர்த்த மிச்சமெல்லாம் கராஜுக்கே போய்விடும். பெற்றோல் என்ஜினுக்கு ஸ்பார்க் பிளக், ஓயில், ஃபில்டர் என்று செலவு கைக்கு அடக்கம். மாதம் ஆயிரம் கிலோமீற்றர் ஓடாதவருக்கு நான் பெற்றோலையே சொல்வேன்.

கடற்கரை உப்புக்காற்றில் சேஸி துருப்பிடிப்பது இரண்டுக்கும் பொது. விற்கப்போனால் டீசலுக்குத்தான் கிராக்கி. 2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025இல் மறுபடி தொடங்கும்வரை பழைய கெப்புகளின் விலை ஏறிப்போய்க் கிடந்தது.

பழைய டீசல் பார்க்கப் போகிறவர்கள் காலையில், என்ஜின் ஆறியிருக்கும்போதே போங்கள். உங்கள் முன்னால் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். சூடானதும் ஓயில் ஊற்றும் மூடியை மெதுவாகத் திறந்து பாருங்கள். அங்கிருந்து புகை குபுகுபுவென்று வந்தால் விலை பேசவே வேண்டாம்.