சூடானின் சோள விவசாயிக்கு முராபஹாவா, ஸலமா?

1984இல் இஸ்லாமியச் சட்டப்படி வட்டியில்லா முறைக்கு மாறிய சூடான் வங்கிகள், கதாரிஃப் போன்ற மானாவாரிச் சோள வட்டாரங்களுக்கு முக்கியமாக முராபஹா, ஸலம் என்ற இரு வழிகளில் நிதியளித்தன. முராபஹாவில் வங்கியே விதையையோ டிராக்டரையோ வாங்கி, லாபம் சேர்த்துத் தவணைக்கு விற்கும். விலை முன்பே உறுதியாவதால் வங்கிக்கு நிம்மதி, மழை பொய்த்தாலும் விவசாயியின் கடன் குறையாது.

ஸலமில், அறுவடைக்குப் பின் வங்கியிடம் ஒப்படைக்கவேண்டிய சோளத்தின் முழு விலையும் முன்கூட்டியே ரொக்கமாக விவசாயியின் கைக்கு வருவதால், களையெடுப்புக் கூலியும் கொடுக்கலாம், வீட்டுச் செலவையும் பார்க்கலாம். சிக்கல் களத்துமேட்டில்தான்: மூட்டை 100 பவுண்டு என்று பேசியது சந்தையில் 200க்குப் போனால், ஒப்படைக்க யாருக்கு மனம் வரும்? ஆகவேதான், விலை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாறினால் நட்டப்படுபவருக்கு ஈடுசெய்யும் விதியைச் சூடான் ஒப்பந்தங்களில் சேர்த்தார்கள்.

உணவுக் கொள்கையின் கண்ணில் ஸலமுக்கு இன்னொரு முகமும் உண்டு. பதுக்கலை இஸ்லாமியச் சட்டம் தடுத்தாலும், ஒப்படைத்த சோளம் சேரும் கிடங்கின் சாவி வங்கியிடம் இருக்கையில் விற்கும் நாளை அதுவே தீர்மானிக்கும். எனவே இயந்திரத்துக்கு முராபஹாவும், அரசின் தானிய இருப்போடு இணைக்கப்பட்டால் மட்டும் சாகுபடிச் செலவுக்கு ஸலமும் பொருந்தும் என்பதே என் கணிப்பு.